பெருங்குடற் சோதனையில் கணிப்பொறி

பெருங்குடலின் உட்சவ்வில் சிலருக்குச் சிறு சதை வளர்ச்சிகள் தோன்றுவதுண்டு. மருத்துவர்கள் இவற்றைப் பாலிப் என்பர். இவற்றுள் ஒரு வகை பெரும்பாலும் தீங்கற்றது. அடினோமா என்னும் மற்றொரு வகையில் சில, பல்லாண்டுக் காலத்தில் மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறிவிடுகின்றன. உரிய காலத்தில் அவற்றை அகற்றிவிட்டால், நோயை வருமுன்னரே தடுத்தவர்களாவோம்.

நுனியில் விளக்கும் காமிராவும் பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, குடலின் உட்புறத்தைத் திரையிற் காண்பது கொலனாஸ்கோப்பி எனப்படும். 1969-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் வுல்ஃப் என்னும் மருத்துவர்கள், இக்குழாயின் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை அகற்றிக் காட்டினர். வயிற்றைக் கீறாமலே சிகிச்சை செய்யும் வழி இவ்வாறு பிறந்தது.

ஆனால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாத பாலிப்புகளில் இரு வகையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எல்லாவற்றையும் அகற்றி நுண்ணோக்கியிற் சோதித்தால், வீண் செலவும் சிறிதளவு இரத்தப் போக்குக்கு இடமும் உண்டு. அகற்ற வேண்டியதை விட்டுவிட்டாலோ, நோய்க்கு வித்தை விட்டுவைத்ததாகும். அகற்றுவதா, விடுவதா என்னும் இவ்விடத்தில்தான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

முடிவு தெரிந்த பல்லாயிரம் பாலிப் படங்களைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்குகின்றனர். மேற்பரப்பிலுள்ள நுண்ணிய குழிகளும் இரத்த நாளங்களும் அமைந்துள்ள பாங்கைக் கொண்டு, திரையில் தோன்றும் பாலிப் எவ்வகையது என்று அது நொடிப் பொழுதில் கூறுகிறது.

அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம்? நார்வே, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. பெருங்குடலின் கடைப்பகுதியிலிருந்த சிறு பாலிப்புகளுள், மருத்துவர்கள் தம் கண்ணால் மட்டும் நோக்கியபோது நூறு அடினோமாக்களில் ஏறத்தாழ 88-ஐச் சரியாக இனங்கண்டனர்; கணிப்பொறியின் துணையோடு 90-ஐக் கண்டனர். இவ்வேற்றுமை உறுதியான முன்னேற்றம் எனக் கொள்ளத்தக்க அளவினதன்று. ஆனால் மருத்துவர் ஐயமின்றி முடிவு கூறிய பாலிப்புகள் நூற்றுக்கு 74-லிருந்து 93-ஆக உயர்ந்தன. திறனைவிடத் துணிவே மிகுந்தது எனலாம்.

2025-இல் போலந்து நாட்டிலிருந்து வந்த செய்தியும் சிந்திக்கத்தக்கது. பாலிப் இருக்குமிடத்தைச் சுட்டிக்காட்டும் கணிப்பொறி அங்கே நான்கு நிலையங்களில் வழக்கத்திற்கு வந்தது. அதன்பின், அத்துணையின்றிச் செய்த சோதனைகளில் அடினோமா கண்டறியப்பட்டோர் நூற்றுக்கு 28-லிருந்து 22-ஆகக் குறைந்தனர். வேறு காரணங்களும் இருக்கக்கூடும். எனினும், ஊன்றுகோலுக்குப் பழகிய கால் தளர்வதுபோல், துணைக்குப் பழகிய கண்ணும் தளருமோ என்ற கவலை நியாயமானதே.

ஆகவே, இளம் மருத்துவர் தம் கண்ணைப் பழக்கிய பின்னரே கருவியின் சொல்லைக் கேட்பது நன்று. நோயாளிக்கும் ஒரு கடமையுண்டு. மருந்தால் குடலைச் செவ்வனே தூய்மை செய்துகொள்ளாவிடில், மலத்தால் மறைந்த பாலிப் திரையில் தோன்றாது. திரையில் தோன்றாததைக் கணிப்பொறியும் அறியாது. மலத்தில் இரத்தம் காணின், மூலந்தான் என்று தாமே முடிவுகட்டி வாளாவிராமல் மருத்துவரை அணுகுதல் வேண்டும். சோதனைக்கு வராதவரை எக்கருவியாலும் காக்க இயலாது.