இருளைக் காட்டும் கதைகள்

கொல்லிமலையில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாட்களில், ஒரு மாலைப் பொழுதில், மாணவி ஒருத்தியின் கையிலிருந்த ஆங்கில நாவலை வாங்கி என் மேசையறைக்குள் வைத்துப் பூட்டினேன். சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்லும் கதை அது என்று கேள்விப்பட்டிருந்தேன்; இளம் உள்ளத்திற்கு அத்தகைய நஞ்சு ஆகாது என்பது என் எண்ணம். அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. "ஐயா, கொல்லிப்பாவையின் கதையை நீங்கள்தாமே எங்களுக்குச் சொன்னீர்கள்? அதுவும் கொலைக் கதைதானே?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு விடை தோன்றவில்லை.

அவள் கேட்டது நியாயமே. தீங்கு செய்ய வருவோரைச் சிரித்து மயக்கி மாய்க்கும் பாவை ஒன்று எங்கள் மலையில் உண்டு என்பது பழங்கதை. சங்கப் புலவர்களும் அப்பாவையைப் பாடியிருக்கின்றனர். அக்கதையைக் கேட்கும் மலைச் சிறுவர்கள் நடுங்குவார்கள். நடுங்கிக்கொண்டே மறுபடியும் சொல்லச் சொல்வார்கள்.

அன்றிரவு அந்நாவலை நானே படித்தேன். அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' என்னும் தொடரின் முதல் நூல் அது, 2008-இல் வெளிவந்தது. அழிந்துபோன வட அமெரிக்காவின்மீது எழுந்த நாடு ஒன்று; செல்வத்தில் மிதக்கும் ஒரு தலைநகர்; அதற்காக உழைத்து வாடும் 12 வட்டாரங்கள். முன்னோர் செய்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக, வட்டாரத்திற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள 24 பிள்ளைகள் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஒருவர் எஞ்சும் வரை அவர்கள் போரிட வேண்டும். நாடே அதைத் தொலைக்காட்சியில் காண வேண்டும். தங்கையின் பெயர் சீட்டில் வந்ததும், அவளுக்கு மாற்றாகத் தானே முன்வருகிறாள் காட்னிஸ் என்னும் பதினாறு வயதுப் பெண்.

அந்நூலில் என்னை உறங்கவிடாத இடம் ஒன்று உண்டு. வறிய வீட்டுப் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், ஓராள் ஓராண்டு அரைவயிற்றுக்கு உண்ணச் சிறிது தானியமும் எண்ணெயும் கிடைக்கும். பசி மிகுந்த வீட்டில் சீட்டும் மிகுதி. சீட்டு மிகுந்தால் சாவும் அருகில். நியாயவிலைக் கடையின் வரிசையில் நின்று வளர்ந்த மலைப் பிள்ளைக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் அதைக் கொலைக்காகப் படிக்கவில்லை என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது.

இவ்வகைக் கதை தமிழுக்குப் புதிதும் அன்று. 1980-களில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை ஆனந்த விகடனில் எழுதினார். நான் இளம் ஆசிரியனாக இருந்த அந்நாளில் வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தேன். பின்னாளில் அதை எப்படி மறந்தேனோ! ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில், பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேற்படக் கூடாத ஓர் இந்தியா. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவனைத் தேடும் நிலா என்னும் பெண்ணுக்குத் துணை நிற்பது, ஜீனோ என்னும் இயந்திர நாய். கேள்வி கேட்க அஞ்சும் மனிதரிடையே அந்நாய் படிக்கிறது, சிந்திக்கிறது, கேலி பேசுகிறது. கொடுங்கோலன் போனால் விடுதலை வந்துவிடுமா, அவன் இடத்தில் அமர்பவர் யார் என்ற வினாவை 'மீண்டும் ஜீனோ' தொடுக்கிறது. காலின்ஸின் பின்னூல்களும் அவ்வினாவையே எழுப்புகின்றன. இவற்றை எழுதிய சுஜாதா, பெங்களூரில் பொறியாளராக இருந்தபொழுது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வாக்கில்லாத நாட்டைக் கற்பனை செய்தவரே வாக்களிக்கும் கருவிக்கும் உழைத்தார்.

இருட்கதையில் நமக்கு இன்பம் ஏன் வருகிறது? பிறர் துயரைக் கண்டு மகிழ்வதால் அன்று. நம் வீட்டுத் திண்ணையில் அச்சமின்றி அமர்ந்துகொண்டே அச்சத்தைப் பழகிப் பார்க்கிறோம். எளிய ஒருவர் 'இது முறையன்று' என்று சொல்லும்பொழுது நம் நெஞ்சும் நிமிர்கிறது. ஆயினும் எல்லா இருட்கதையும் நல்ல கதை ஆகாது. பிணங்களை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடும் நூல்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஓர் உரைகல் சொல்கிறேன். காலின்ஸின் கதையில் ரூ என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி இறக்கிறாள். போட்டி விதிப்படி அவள் காட்னிஸுக்குப் பகை. காட்னிஸோ அவள் உடலை மலர்களால் மூடிவிட்டே அகல்கிறாள். இறந்தவருக்காக நம்மையும் இப்படி ஒரு கணம் நிற்க வைக்கிறதா? வைத்தால் அது நல்ல நூல். சாவை வெறும் வேடிக்கையாக்கினால், அந்நூல் அத்தலைநகரத்தாரின் பக்கம் சேர்ந்துவிட்டது என்று அறிக.

மறுநாட்காலை அந்த மாணவியை அழைத்து, வகுப்பார் அனைவரும் காண நூலைத் திருப்பித் தந்தேன். "படிக்காமலே தீர்ப்புச் சொன்னது என் பிழை, அம்மா" என்றேன். நூலைப் பெற்றுக்கொண்டவள் சற்றுத் தயங்கி, "ஐயா, இரண்டாம் பாகமும் என்னிடம் இருக்கிறது; வேண்டுமா?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.