கேள்வி கேட்க ஆள் வேணும்!

நடுவர் அவர்களே! எதிரணி ஐயா சொன்னார்: "பெரம்பலூர்லயும் ரெண்டும் ரெண்டும் நாலு, அமெரிக்காவுலயும் நாலு. அறிவியல் செய்யறவன் எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன?"

விடை எங்கேயும் ஒன்றுதாங்க. ஆனா கேள்வி? அது ஆளுக்கு ஆள் மாறும்! (கைதட்டல்)

வி.எஸ்.ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கி, கண் பார்வையை ஆராய்ந்து, கலிபோர்னியாவில் மூளை விஞ்ஞானி ஆனவர். கை இழந்த நோயாளிகள், "இல்லாத கை வலிக்குது டாக்டர்"னு துடித்தார்கள். மாத்திரையும் அறுவையும் பார்த்த நோய்க்கு, 1990-களில் இவர் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையை அசைக்கச் சொன்னார். கண்ணாடியில், இழந்த கையே அசைவது போலத் தெரிந்தது. சிலருக்கு வலி தணிந்தது! வைத்தியமும் தெரிந்து, கண்ணையும் படித்தவருக்குத்தாங்க அந்த யோசனை வந்தது!

நம்ம பெரம்பலூர் காரைக்கு வாங்க, அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமிக்கு வாங்க. கடலே இல்லாத மண்ணில், சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் உயிர்களின் படிமம் கிடக்கிறது. அதைக் கையில் எடுத்து, "இங்க கடல் எப்படி டீச்சர் வந்துச்சு?"ன்னு கேட்கிற பெண்ணை, "பேசாம உட்காரு"ன்னு அடக்கினால் நஷ்டம் அவளுக்கு மட்டுமா? அறிவியலுக்கும்தான்!

அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. அந்த வாசலில் காடு கழனியில் வேலை செய்யறவர் பிள்ளையும் நுழையணும். கேள்வி வரும் வழியை அடைத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கலாமா? நல்ல தீர்ப்புச் சொல்லுங்கள்.