படைப்பும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு கிறிஸ்தவ நோக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேர்மனியின் பியூர்த் நகரிலே, புனித பவுல் தேவாலயத்தில் ஒரு வழிபாடு நடைபெற்றது. முந்நூறுக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். பீடத்திற்கு மேலே இருந்த திரையில் மனித உருவங்கள் தோன்றிப் பிரசங்கித்தன, மன்றாடின, ஆசீர் வழங்கின. பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு தயாரித்துக் கொடுத்தது. சுமார் நாற்பது நிமிட வழிபாடு முடிந்ததும் வந்திருந்த ஒரு பெண்மணி, அதிலே இதயமும் இல்லை, ஆன்மாவும் இல்லை என்றார்.

நம்மில் பலரும் இதையே சொல்வோம். இயந்திரம் எழுதிய கவிதையா, அதில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டு அப்பால் நகர்வோம். ஆனால் இந்தப் பதில் போதுமானதா என்பதே என் முதற் கேள்வி.

அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் கோப் என்பவர் 1980 களில் ‘எமி’ என்ற கணினி நிரலை உருவாக்கினார். பழைய மேதைகளின் இசையை ஆராய்ந்து, அவர்களின் பாணியிலே புதிய இசையை அது ஆக்கும். 1997 இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சை நடந்தது. யொஹான் செபஸ்ரியன் பாக் இயற்றிய ஒன்று, அவரது பாணியில் ஒரு பேராசிரியர் இயற்றிய ஒன்று, கணினி இயற்றிய ஒன்று என மூன்று இசைத் துண்டுகள் வாசிக்கப்பட்டன. எது யாருடையது எனச் சபையோர் சொல்லவேண்டும். கணினி இயற்றியதைப் பாக்கினுடையது என்றார்கள். பேராசிரியர் இயற்றியதைக் கணினியினுடையது என்றார்கள்!

பாக் தமது சுவடிகள் பலவற்றின் இறுதியில், கடவுளுக்கே மகிமை எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களின் முதலெழுத்துக்களைப் பொறித்துவைத்தவர். அத்தகையவரின் இசைக்கும் இயந்திர இசைக்கும் வேறுபாடு காணச் செவியால் முடியவில்லை. இது நடந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 2022 நவம்பரில் சட் ஜி.பி.ரி. வெளியானதன் பின் மொழியிலும் இதே நிலை வந்திருக்கிறது. ஆகவே, ‘உயிர் இல்லை’ என்று நமது உணர்ச்சியை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் வழக்கில் நாம் தோற்றுப்போக நேரிடும்.

அப்படியானால் வேறு எங்கிருந்து தொடங்குவது? கிறிஸ்தவ சிந்தனை ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகிறது. மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்று அங்கே வருகிறது. அந்தச் சாயல் என்பது யாது?

இதற்கு ஓர் ஆங்கில எழுத்தாளர் தந்த விளக்கம் நினைவில் நிற்கத்தக்கது. டொரதி எல். சேயர்ஸ் (1893 - 1957) என்ற அந்தப் பெண்மணியைத் துப்பறியும் நாவல் வாசகர்கள் அறிவர். லண்டன் விளம்பர நிறுவனமொன்றில் பல ஆண்டுகள் வாசகம் எழுதிப் பிழைத்தவர். பின்னர் தாந்தேயை மொழிபெயர்த்தவர். வானொலி நேயர்களாகிய நமக்கு அவரிடம் தனியான உறவும் உண்டு. இயேசுவின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய பன்னிரு வானொலி நாடகங்களை 1941 - 42 காலப்பகுதியில் பி.பி.சி. ஒலிபரப்பியது. திருமறை மாந்தரைச் சாதாரண மக்களின் பேச்சுமொழியில் பேசவைத்தமைக்காகக் கடுமையான கண்டனத்துக்கும் உள்ளானார்.

அதே 1941 இல் படைப்பாளியின் மனம் பற்றி அவர் ஒரு நூலை வெளியிட்டார். சாயல் பற்றிய அந்த வசனத்தை எட்டும்வரை ஆதியாகமம் கடவுளைப் பற்றி நமக்குச் சொல்வது ஒன்றே: அவர் படைத்தார். எனவே கடவுளுக்கும் மனிதனுக்கும் பொதுவான இயல்பாக அவ்விடத்திலே தென்படுவது, ஒன்றை ஆக்கவேண்டும் என்ற விருப்பமும் ஆக்கும் திறனுமே என்பது சேயர்ஸின் வாதம்.

அவர் மேலும் ஒரு படி செல்கிறார். கிறிஸ்தவர்கள் கடவுளைத் திரித்துவமாக அறிக்கையிடுகிறார்கள். எழுத்தாளனின் வேலையிலும் அத்தகைய மூன்று உண்டென்கிறார். முதலாவது கருத்து: நூல் எழுதப்படுமுன்னரே முழுமையாக உள்ளத்தில் நிற்கும் தரிசனம். இரண்டாவது உழைப்பு: அந்தத் தரிசனம் சொல்லாக, வரியாக, வியர்வையாக உடலெடுப்பது. மூன்றாவது வல்லமை: எழுதப்பட்டது வாசகனுள்ளே சென்று செயற்படுவது. மூன்றும் ஒன்றே; எனினும் மூன்றும் வேறு. ஒன்று மெலிந்தால் படைப்புக் கோணிவிடும். அத்தகைய எழுத்தாளர்களை அவர் சமனில் பக்க முக்கோணிக்கு ஒப்பிடுகிறார்.

இந்த அளவுகோலை இன்றைய இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கோடானுகோடி மனித வாக்கியங்களைக் கொண்டு பயிற்றப்பட்டு, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரத் தகும் என்று கணித்துக் கணித்து எழுதிச் செல்வது அதன் முறை. அது எழுதியதை வாசித்து ஒருவர் கண்ணீர் விடலாம். ஆகவே மூன்றாவதாகிய வல்லமை அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிகளை எவருக்காவது சொல்லியே ஆகவேண்டும் என்று தவித்தவர் யார்? அவற்றுக்காக ஓர் இரவை இழந்தவர் யார்?

இயந்திரத்திடம் கட்டளையிடும் மனிதனிடம் கருத்து இருக்கலாம். ‘இழப்பைப் பற்றி ஒரு கவிதை தா’ என்கிறான். அவனிடம் முதலாவது உண்டு. இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதைப் பெற விரும்புகிறான். வார்த்தை மாம்சமாகாமலே மீட்பு வரவேண்டும் என்று கேட்பது போன்றது இது. கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுநாயகமோ, கடவுள் தூரத்திலிருந்து செய்தி அனுப்பியதோடு நில்லாமல் உடலெடுத்து வந்தார் என்பது. பசியும் களைப்பும் மரணமும் உள்ள உடல். உழைப்பை நீக்கிய படைப்பைக் கிறிஸ்தவ மனம் தயக்கத்தோடு நோக்குவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனிதன் மட்டும் வெறுமையிலிருந்தா படைக்கிறான்? அவனும் பிறர் சொன்னதைக் கலந்துதானே சொல்கிறான்?

உண்மைதான். பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1999 இல் கலைஞர்களுக்கு எழுதிய மடலிலே, இல்லாமையிலிருந்து உண்டாக்குபவர் கடவுள் மட்டுமே, மனிதக் கலைஞன் இருப்பதை எடுத்து அதற்கு வடிவமும் பொருளும் கொடுப்பவன் என்று இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரைந்தார். நமது மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகங்களையே பாருங்கள். 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘ஞானசவுந்தரி நாடகம்’ முதலியவற்றில் கதையும் பழையது, பாவகைகளும் மரபு வழி வந்தவை. ஆனாலும் அண்ணாவியாரின் முன்னே அவரை அறிந்த ஊர் இருந்தது. பாட்டுப் பிழைத்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும். மரபிலிருந்து எடுப்பது குற்றமன்று. எடுத்ததற்குப் பொறுப்பேற்று ஒருவர் முன்னால் நிற்கிறாரா என்பதே கேள்வி.

இதனால் இயந்திரத்தை இகழவேண்டும் என்று ஆகாது. கணினியியலின் முன்னோடி அலன் டியூரிங், 1950 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சமயவாதிகளின் ஆட்சேபத்தையும் எடுத்து ஆராய்ந்தார். சிந்திப்பது ஆன்மாவின் தொழில், இயந்திரத்துக்கு ஆன்மா இல்லை என்பது அந்த ஆட்சேபம். சமய வாதங்களில் தமக்கு ஈடுபாடு குறைவு என்று கூறிக்கொண்டே அவர், அப்படிச் சொல்வது சர்வ வல்லவரின் வல்லமைக்கே எல்லை கட்டுவதாகும் என்று பதிலளித்தார். பிள்ளைகளைப் பெறுவதில் நாம் எவ்வளவுக்குக் கடவுளின் அதிகாரத்தைப் பறிக்கிறோமோ அதற்கு மேல் இதிலும் பறிக்கவில்லை என்றார். கிண்டல் கலந்த பதில்தான். ஆயினும் நம்மை அடக்கத்துக்கு அழைக்கும் பதில்.

கத்தோலிக்கரான ஜே.ஆர்.ஆர். டொல்கீன் ஒரு கதை சொல்கிறார். அவரது மறைவின் பின் 1977 இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் அது இடம்பெறுகிறது. அவுலே என்னும் தேவ கைவினைஞன், படைத்தவரின் பிள்ளைகள் தோன்றும்வரை காத்திருக்கப் பொறாமல், தானே குள்ளர்களை ஆக்குகிறான். அவனது நினைவு அவர்கள் மேல் இருக்கும் வரையே அவர்கள் அசைவார்கள். நினைவு வேறெங்கோ சென்றால் சும்மா நிற்பார்கள். படைத்தவர் கடிந்துகொள்ள, அவுலே அழுதபடி தன் ஆக்கத்தை உடைக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். அவர்கள் அஞ்சி ஒடுங்குகிறார்கள். ஏனெனில் அதற்குள் படைத்தவர் அவர்களுக்குச் சொந்த உயிரை வழங்கிவிட்டார். செய்வது மனிதனின் இயல்பு. உயிர் கொடுப்பது தன் கையில் இல்லை என்று அறிந்து செய்வது விசுவாசம். அந்தக் கதையை நான் இவ்வாறே விளங்கிக்கொள்கிறேன்.

அண்மையில் கவிதை எழுதும் ஓர் இளைஞர் என்னிடம், “சேர், நத்தாருக்கு ஒரு பாட்டெழுத எனக்கு மூன்று கிழமை சென்றது. அது ஒரு நிமிடத்தில் எழுதுகிறது. இனி நான் ஏன் எழுதவேண்டும்?” என்று கேட்டார். அவரது குரலில் கேலி இருக்கவில்லை.

‘உம்மைப்போல அதனால் எழுதமுடியாது’ என்று நான் சொல்லியிருக்கலாம். அது நாளைக்கே பொய்யாகிவிடக் கூடிய ஆறுதல். பதிலாக, சேயர்ஸ் 1937 இல் கன்ரபரி தேவாலய விழாவுக்கு எழுதிய நாடகத்தை அவருக்குச் சொன்னேன்.

1174 இல் கன்ரபரிப் பேராலயத்தில் தீ மூண்டது. அதனைத் திருத்திக் கட்ட வந்தவர் சென்ஸ் நகரத்து வில்லியம் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1178 இல் சாரத்திலிருந்து விழுந்து முடமானார். வேலையை மற்றொருவர் நிறைவு செய்தார். இது வரலாறு. நாடகத்தில் அந்த வில்லியம் தன் கலையில் அளவற்ற செருக்குக் கொண்டவர். தான் இல்லாமல் கடவுளுக்கே ஆகாது என்று எண்ணுபவர். படுக்கையில் கிடந்தே இறுதியில், தான் அழிந்தாலும் வேலை நிற்கட்டும் என்று வேண்டும் நிலைக்கு வருகிறார்.

இயந்திரம் வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கலைஞனுக்கு, ‘நீ இல்லாமலும் நடக்கும்’ என்று சொல்லப்பட்டுவிட்டது. ஆகவே படைப்பாளியின் மதிப்பை, வேறெவராலும் இயலாததைச் செய்கிறான் என்பதில் வைத்தால் அது மணல்மேல் கட்டிய வீடு. படைப்பது நம்மை ஆக்கியவருக்கு நாம் தரும் மறுமொழி. எனக்காக வேறொருவர் செபிக்கலாம். ஆனால் என் செபத்தை அவர் செய்துவிட முடியாது. அந்த இளைஞரின் மூன்று கிழமையும் வீணாகவில்லை. பாலன் பிறப்பை அவர் மூன்று கிழமை தியானித்திருக்கிறார். அதன் பேறாகத்தான் பாட்டு வந்தது.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை வெறும் ஆன்மீகப் பேச்சாகிவிடும். எழுத்து ஒரு தொழிலும்கூட. 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லியோ, அந்தப் பெயரைத் தாம் ஏற்றதற்குப் பிரதான காரணமாக, தொழிலாளர் பற்றிய 1891 ஆம் ஆண்டுச் சுற்றுமடலைத் தந்த பதின்மூன்றாம் லியோவையே குறிப்பிட்டார். மனித மாண்பு, நீதி, உழைப்பு ஆகியவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு புதிய சவாலாகிறது என்றும் கூறினார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில், தங்கள் நூல்களைக் களவுப் பிரதிகளாகத் தேக்கிவைத்ததற்காக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், அன்த்ரொப்பிக் என்ற நிறுவனம் 150 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. நூலொன்றுக்குச் சுமார் 3000 டொலர். சட்டப்படி வாங்கிய நூல்களால் இயந்திரத்தைப் பயிற்றுவது குற்றமன்று, களவுப் பிரதிகளை வைத்திருந்தமையே தவறு என்பது நீதிமன்றத்தின் நோக்கு. சட்டத்தின் எல்லை அது. வேலையாளின் தடுத்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று கூறும் யாக்கோபின் நிருபத்தை வாசிப்பவர்களுக்குக் கேள்வி அத்துடன் முடிவதில்லை.

2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமொன்று, பழைய விக்கிரகங்களுக்கு வாய் இருந்தும் பேச்சில்லை, இந்தப் புதியதோ பேசவும் செய்யும் என எச்சரிக்கிறது. பேசுவதாலேயே அது கூடுதலாக மயக்கக்கூடியது. கருவி கருவியாக இருக்கும்வரை தீங்கில்லை. ஒரு சொல்லின் பொருளைத் தேடவும், பிழை திருத்தவும், பிறமொழி நூலொன்றை விளங்கவும் அதைப் பயன்படுத்துவோர் பயன்படுத்தட்டும். ஆனால் தாயின் மரணத்துக்கு ஓர் இரங்கற்பா எழுதவேண்டி வந்தால், அது நாலு வரிதான், அதுவும் கோணல் வரிதான் என்றாலும், அதை நீங்களே எழுதுங்கள். பிறரிடம் எழுதி வாங்கியதைத் தம்முடையதாகக் காட்டாதிருப்பது எந்தச் சமயத்தவருக்கும் பொதுவான நேர்மை. இயந்திரத்திடம் வாங்கியதற்கும் அதுவே விதி.