ஆலய வாசலுக்கு வெளியே
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மதம் பரப்ப நான் இங்கு வரவில்லை. கட்சிக்கு ஓட்டுக் கேட்கவும் வரவில்லை. நான் ஞாயிறுதோறும் ஆலயம் செல்பவள். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயில் திருநீறு பூசி வருபவர்கள். ஆயினும் அண்மையில் ஒரு தாயார் என்னிடம் கேட்ட கேள்வி நம் எல்லாருக்கும் பொதுவானது. "பூசைக்குப் போறோம், மெழுகுவத்தி ஏத்துறோம். அதுக்கு மேல அரசியலு, சங்கமுன்னு நமக்கு என்னாத்துக்கு டீச்சர்?" என்றார். அவருக்கு அன்று முழுமையாகப் பதில் சொல்ல நேரமில்லை. இன்று சொல்கிறேன்.

நம் வட்டாரத்து பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் ஊரில், வனத்துச் சின்னப்பர் ஆலயம் இருக்கிறது. ஜனவரி மாதத் திருவிழா பொங்கலையொட்டி வருவதால் இந்துக் குடும்பங்களும் போய் வருவதைப் பார்க்கிறேன். அந்தச் சின்னப்பர் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த துறவி. ஒரு காகம் தினமும் பாதி ரொட்டி கொண்டு வந்து போடுமாம். ஒரு நாள் அந்தோணியார் அவரைக் காண வந்தார். அன்று காகம் முழு ரொட்டியோடு வந்ததாம். வீட்டுக்கு இன்னொரு வயிறு வந்தால் ரொட்டியும் பெருக வேண்டும் என்பது காகத்திற்கே தெரிந்திருக்கிறது! சம்பளம் நிர்ணயிக்கிறவர்களுக்கு அது தெரிய எத்தனை ஆண்டுகள் ஆயின?

1891ஆம் ஆண்டிலேயே போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை குறித்து ஒரு சுற்றுமடல் எழுதினார். தொழிலாளியும் குடும்பமும் சிக்கனமாகவேனும் மரியாதையோடு வாழக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும், தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்பது அதன் சாரம். அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெரிய அளவில் தோன்றக்கூட இல்லை. இங்கே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் 1941இல் வேலை நிறுத்தம் செய்தபோது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னதும் ஒரு கோரிக்கை. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் கேட்டது ஒன்றுதான்: மனிதனை மனிதனாக நடத்துங்கள் என்பதே.

கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்க்கையில் இறக்கிக் காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். மாணவிகள் கவனித்துக் கேட்க வேண்டும். ஐரின் பெர்னாண்டஸ், 1946இல் கெடா சுங்கை பட்டாணியில் பிறந்தவர். தந்தை ரப்பர் தோட்ட மேற்பார்வையாளர். ஐரின் என்னைப் போல் ஆசிரியையாகத்தான் தொடங்கினார். இருபத்து மூன்று வயதில் அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேரம் சேர்ந்தார். (நம் வீட்டில் இப்படி ஒரு மகள் செய்தால் என்ன சொல்வோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) பெல்ஜியத்துப் பாதிரியார் கார்டைன் தொடங்கிய அவ்வியக்கத்தின் பாடம் எளிது: பார், சீர்தூக்கு, செயல்படு.

1991இல் ஐரின் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பார்த்தார். முதுகில் பம்பு. அது கசிந்தால் சட்டை நனையும், சட்டை நனைந்தால் தோல் வேகும். பாராகுவாட் என்னும் அந்தக் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் நுரையீரல் கெட்டுப் போகும். நகம் கழன்ற கையோடு சோறு பிசைந்த அம்மாமார்களை நம் லயத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெனாகானித்தா அப்பெண்களின் நிலையை ஆய்ந்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டே அரசு தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது. முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில். ஐரின் அதைக் காணவில்லை. 2014 மார்ச் 31இல் காலமானார்.

அதற்குள் அவர் பட்ட பாடு வேறு. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தை 1995இல் எழுதி வெளியிட்டார். பொய்ச் செய்தி என்று 1996இல் வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. மேல் முறையீடு நிலுவையில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் 2004 பொதுத் தேர்தலில் நிற்க முடியாமற் போயிற்று. 2008 நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் விடுவித்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வழக்கு!

யாருக்காக? தம் சொந்த சாதி சனத்துக்காக அல்ல. வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளருக்காக. இதைச் சொல்லும்போது பெற்றோர்களே, நம் லயத்தையும் எண்ணிப் பாருங்கள். இன்று பக்கத்து வீட்டில் வங்காளதேசத்துத் தம்பிமார் இருக்கிறார்கள். "அவனுங்ககிட்ட பேசாதே" என்று பிள்ளைகளிடம் நாமே சொல்கிறோம். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவனைத் தூக்கியவன் அயலூரான். அதைப் பாட்டாகப் பாடுகிறோம். லயத்துக்குள் கொண்டு வருவதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

அரசியலுக்கு வருகிறேன். 2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல் நடந்தது. பிரசார நாள்களில் சாலைகளுக்குச் சரசரவென்று தார் விழுந்தது, விளக்குக் கம்பம் முளைத்தது. அப்படியானால் முன்பும் போட்டிருக்க முடியும்தானே? இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் அரசியல். வேட்பாளர் கொடுக்கும் அரிசி மூட்டையை வாங்கிக்கொண்டு கும்பிடுவது அரசியல் அன்று. எந்தக் கட்சி என்பதை நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் உரிமை.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான்: அம்மா, அடுத்த வாரம் பூசைக்கோ கோயிலுக்கோ போகுமுன் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025ஆம் ஆண்டு முதல் 1,700 வெள்ளி. ஓவர்டைம் இதில் சேராது. குலைக்கு, டன்னுக்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக் கூடாது. சீட்டு மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். அவர்களுக்கும் கணக்குப் பாடமாயிற்று. குறைவாக இருந்தால் சங்கத்துக்குக் கடிதம் எழுதச் சனிக்கிழமை காலையில் பள்ளி நூல் நிலையத்தில் நான் இருப்பேன். பக்கத்து வீட்டுத் தம்பியின் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.