ஆறுதல் பரிசு இல்லைங்க ஐயா!

நான் புதுவை மாநிலம் மண்ணாடிப்பட்டிலிருந்து வர்றேன். அப்பா கரும்பு விவசாயி.

நீட் எழுதினேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கல. சித்த மருத்துவத்துக்கு இடம் வந்தது. எங்க மாமா சொன்னாரு: "வேணாம் பாப்பா, இன்னொரு வருஷம் எழுது. இலை தழை இடிக்கிறவளை யாரு டாக்டர்னு சொல்லுவான்?" (சிரிப்பு)

ஐயா, இதுக்கும் நீட்தான். பயிற்சியோடு சேர்த்து இதுவும் ஐந்தரை வருஷம்தான். உடற்கூறு நாங்களும் படிக்கணும். ஜிப்மர் அந்தப் பெயரைப் பெற்றது 1964-ல். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கினதும் அதே 1964-ல்தான். அப்புறம் எதுல ஐயா குறைச்சல்? (கைதட்டல்)

ஆனா ஒரு உண்மையையும் சொல்லணும். எங்க தாத்தாவை வயல்ல பாம்பு கடிச்சது. ஊரே நம்பின ஒருத்தர் பச்சிலை வச்சுக் கட்டினாரு. ராத்திரி முழுக்கக் காத்திருந்தோம். விடியறப்போ தாத்தா இல்ல.

பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசிதான் ஐயா மருந்து. அது பெரியாஸ்பத்திரியில இருக்கு. முறையாப் படிச்ச ஒரு சித்த மருத்துவர் அன்னைக்கு அங்க இருந்திருந்தா, "கட்டுப் போடாதீங்க, வண்டியைக் கட்டுங்க"ன்னு சொல்லியிருப்பாரு. எங்க ஊரு சனம் அவர் சொன்னாக் கேட்கும்.

எதைக் குணமாக்கலாம், எதை உடனே அனுப்பணும்னு தெரிஞ்ச அந்த ஆளா நான் வரணும். அதுக்குத்தான் சேர்ந்தேன். எம்.பி.பி.எஸ். கிடைக்காததுக்கு இது ஆறுதல் பரிசு இல்லைங்க ஐயா. (பலத்த கைதட்டல்)