காசும் நிழற்படமும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



'பணிக்கு அப்பால்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். பள்ளிப் பணிக்கு அப்பால் எம் வாழ்வில் நிலைத்து நின்ற ஈடுபாடுகள் இரண்டே. ஒன்று, பழங்காசு சேர்த்தல். மற்றொன்று, நிழற்படம் எடுத்தல். "உழைத்துப் படித்து ஒரு வேலையில் அமர்வதே நமக்குப் பெரும்பாடு. இவையெல்லாம் வசதி படைத்தோர்க்கு உரியவை அல்லவா?" என்று உங்களுள் சிலர் வினவக்கூடும். அந்த வினாவுக்கு எம் அனுபவத்தையே விடையாகத் தர விழைகின்றோம்.

எம் சேகரிப்பின் முதற்காசு விலை கொடுத்து வாங்கியதன்று. எம் பாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்புகளோடு கிடந்த ஓர் ஓட்டைக் காலணா அது. ஆண்டு 1944. இரண்டாம் உலகப் போரின்போது செம்பைச் சிக்கனப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு அடித்த காசு. எம் பாட்டியின் காலத்தில் கூலியை நெல்லாகவே அளந்தனர். அதையும் குறைத்தே அளந்தனர். முதன்முதலாகக் காசாகக் கூலி பெற்ற நாளில், அவற்றுள் ஒன்றை மட்டும் செலவிடாமல் அவர் முடிந்து வைத்தார். "இது நெல்லு மாதிரி இல்லடா, எண்ணி வாங்கினது" என்பார். எண்ணி வாங்கியது என்னும் அச்சொல்லின் பொருளை யாம் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

அக்காசு எம்மைக் கணக்கிற்கும் வரலாற்றிற்கும் அழைத்துச் சென்றது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்படி என்றிருந்த முறை 1957 ஏப்ரல் 1ஆம் நாள் மாறி, ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. ஆண்டின் கீழே உள்ள சிறு குறியைக் கொண்டு காசு பிறந்த இடத்தை அறியலாம்: வைர வடிவம் மும்பை, விண்மீன் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையேல் கல்கத்தா. வகுப்பில் இவற்றை மாணவர் கையில் கொடுத்துவிட்டால், வரலாற்றுப் பாடத்தில் உறங்குவார் எவருமிலர். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 சூன் 30 முதல் செல்லாமற்போயின. நேற்றுவரை கையில் புழங்கியதே இன்று வரலாறாகிவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1990இல் யாம் கல்லூரி மாணவராக இருந்தபோது, அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி அவர் உருவம் பொறித்த ஒரு ரூபாய்க் காசு வெளிவந்தது. முன்பு அரசமுடி பொறித்திருந்த இடத்தில் நம் தலைவரின் முகம்! அதனினும் பெரிய செய்தி ஒன்றைப் பின்னர்ப் படித்தறிந்தோம். இலண்டனில் டாக்டர் பட்டத்திற்காக அண்ணல் ஆராய்ந்த பொருளே ரூபாய்தான். 'ரூபாயின் சிக்கல்' என்னும் அந்த ஆங்கில நூல் 1923இல் வெளிவந்தது. 1925இல் அரச நாணயக் குழுவின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். காசு வைத்திருக்க வழியற்ற மக்களிடையே பிறந்தவர், காசின் இயல்பையே அரசுக்கு எடுத்துரைத்தார். இளைஞர்களே, இதனை நெஞ்சில் பதியுங்கள்.

இனி நிழற்படம். எம் பாட்டி 1992இல் மறைந்தார். அவருக்கு ஒரு படம்கூட இல்லை. அவர் முகத்தை எம் மக்களுக்குக் காட்ட இயலவில்லை. அவர் காசை மட்டுமே காட்டுகின்றோம். அந்த ஏக்கமே பணியில் சேர்ந்தபின், 1995இல், பழைய யாசிகா கேமரா ஒன்றை வாங்கச் செய்தது. ஒரு சுருளில் 36 படங்கள். பிலிமும் கழுவும் கூலியும் சம்பளத்தைக் கடித்தன. ஆதலால் ஒளியை நன்கு பார்த்து, மூச்சை அடக்கி, ஒரு முறையே விசையை அழுத்தப் பழகினோம்.

நம் முன்னோரை எவரும் படம் எடுத்ததே இல்லையா? எடுத்தனர். 1868 முதல் 1875 வரை இலண்டனில் எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்னும் நிழற்பட நூல் வெளிவந்தது. அதில் பலருடைய படங்களின் கீழ்ச் சாதியின் பெயரோ குலத்தின் பெயரோ மட்டுமே உண்டு. அவரவர் பெயர் இல்லை. ஆளும் அரசு மக்களை வகை பிரித்துப் பார்த்த கண் அது. யாம் அதற்கு மாறாக ஒரு விதி வகுத்துக்கொண்டோம். பெயர் கேட்காமல் எவரையும் படம் எடுப்பதில்லை. ஒரு படி கொடுக்காமல் விடுவதுமில்லை. இவ்வாறு எங்கள் தெருவின் முதியோர் அனைவரையும் எடுத்து வந்தோம்.

ஒரு தவற்றையும் மறைக்காமல் கூறவேண்டும். 1997 மழையில் எம் வீட்டுக் கூரை ஒழுகி, தகரப் பெட்டியில் இருந்த இரண்டு சுருள்கள் பாழாயின. "பிறகு படி எடுத்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவை அவை. அவற்றில் இருந்த முதியோருள் மூவருக்கு வேறு படமே இல்லை. அவர்தம் பிள்ளைகள் வந்து கேட்டபோது யாம் தலைகுனிந்து நின்றோம். ஆயினும் எஞ்சிய சுருள்கள் பயன்பட்டன. இம்மலருக்காக, நம் இரவுப் பள்ளிக்குத் தம் திண்ணையை ஈந்த பெரியவரின் படத்தைக் குழுவினர் தேடினர். அவர் வீட்டில் இல்லை. எம் பெட்டியில் இருந்தது. இன்று அவர் பேத்தி மேடைக்கு வந்து அப்படத்தைப் பெற்றுக்கொண்டபோது, எம் 30 ஆண்டுச் செலவும் ஈடாகிவிட்டது.

இளைஞர்களுக்குச் சில நடைமுறைச் சொற்கள். பழங்காசைப் புளியிட்டுத் தேய்க்காதீர்கள். மேற்படலம் போனால் எழுத்தும் தேயும், மதிப்பும் குறையும். காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். மண்ணைத் தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைப்பின், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், மறைத்தல் குற்றம். படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியில் எடுப்பவற்றுள் சிறந்தவற்றை அச்சிட்டு, மற்றொரு படியை வேறோர் இடத்தில் வையுங்கள். கைப்பேசி பழுதாவதும் கூரை ஒழுகுவதும் ஒன்றே.

இவற்றுக்கெல்லாம் செல்வம் வேண்டுவதில்லை, கவனமே வேண்டும். வரும் ஞாயிறன்றே உங்கள் வீட்டு முதியவர் அருகில் அமருங்கள். ஒரு படம் எடுங்கள். அவர் பெயரையும், அவர் செய்த தொழிலையும், முதற்கூலி எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதுங்கள். நம் கழகத்தின் பொன்விழா மலருக்கு அவை பயன்படும். அப்போது எந்தக் குடும்பமும் படம் இல்லை என்று தலைகுனியாதிருக்கட்டும்.