பிடியரிசியில் நிற்கிற கோயில்



'ஒரு திருச்சபையைத் தாங்குகிறவர்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் இதைப் பேச வைப்பதற்கு நம் தமிழ்ச் சங்கத்துக்குத் துணிச்சல்தான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மார்க்கெட்டில் வாழையிலையும் பூவும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள். வேதக்கோயில் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். நான் சாமியைப் பற்றிப் பேசப் போவதில்லை. சாமி இருக்கிற இடத்தைக் கூட்டுகிறவர், பாய் விரிக்கிறவர், பாத்திரம் கழுவுகிறவர், கணக்கு எழுதுகிறவர், இவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இவர்கள் எந்த மதத்தில் இல்லை?

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. டல்ஹௌசிப் பக்கம் ராஜேந்திரநாத் முகர்ஜி ரோட்டில், அந்தக் காலத்து மிஷன் ரோவில், ஓல்டு மிஷன் சர்ச் இருக்கிறது. லால் கிர்ஜா என்று வங்காளிகள் சொல்லுவார்கள். அதைக் கட்டியவர் கீர்நாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார். அவர் ஐரோப்பாவிலிருந்து நேராகக் கல்கத்தாவுக்கு வந்தவர் இல்லை. 1740 முதல் நம் கடலூரில் தமிழ் படித்து, தமிழில் போதித்துக்கொண்டிருந்தவர். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்ததும் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் கூப்பிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பிழைப்புக்காகத் தென்னாட்டிலிருந்து ஹௌராவில் வந்து இறங்கிய நம் தாத்தாக்களுக்கு இவர் ஒருவகையில் முன்னோடி!

வந்தவர் கல்கத்தாவில் செல்வாக்கோடு இருந்தார். பணக்கார விதவை ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரும்பாலும் தன் கைக்காசைப் போட்டே 1770இல் அந்தக் கோயிலைக் கட்டி முடித்தார். மனைவி இறந்தபோது விட்டுப்போன நகைகளை விற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். இவ்வளவும் சரி. பிறகு மகன் வீடு கட்டி விற்கும் வியாபாரத்தில் இறங்கினான். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வியாபாரம் படுத்தது. 1787இல் கடன்காரர்கள் வந்து நின்றபோது அவர் சொத்தோடு சேர்த்துக் கோயிலும் ஜப்தியாகிவிட்டது. கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த சார்லஸ் கிராண்ட் என்பவர் 10,000 ரூபாய் கட்டி மீட்டார். இல்லாவிட்டால் அது யாருடைய கிடங்காகவோ போயிருக்கும்.

கீர்நாண்டரை நான் குறை சொல்லவில்லை. கொடுத்தவர், மனதாரக் கொடுத்தவர். ஆனால் ஒரு மனிதனின் மடியை நம்பி நிற்கிற கோயில், அவன் மடி காலியானால் தெருவுக்கு வந்துவிடும். அந்தச் சபையார் பாட்டுப் பாடினார்கள், ஜெபம் பண்ணினார்கள். கோயில் செலவு தங்கள் செலவு என்று அவர்களை யாரும் பழக்கவில்லை.

இப்போது திருநெல்வேலிக்கு வாருங்கள். நெல்லைச் சீமைக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு பழக்கம். உலை கொதித்ததும் அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவார்கள். வீட்டில் அன்றைக்கு எத்தனை பேர் சாப்பாடு, அரிசி இருக்கிறதா இல்லையா என்ற கணக்கெல்லாம் அந்தக் கைப்பிடிக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். அதை விற்ற காசில் உபதேசியார் சம்பளம், விளக்குக்கு எண்ணெய், ஏழைக்கு உதவி. இதில் கவனிக்க வேண்டியது, வீட்டில் ஆண்பிள்ளை கையெழுத்தே தேவைப்படாத காணிக்கை இது. அடுப்படி ராஜ்யத்தில் அம்மா எடுத்த முடிவு.

காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்று சொன்னது இங்கே பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். சுதேசிக் காலத்து வங்காளத்தில் முஷ்டி பிக்ஷை எடுத்ததை நம் வங்காளி நண்பர்கள் சொல்லுவார்கள். மிசோரத்தில் 1910இல் பெண்கள் இதையே 'பூஃபாய் தாம்' என்று ஆரம்பித்தார்கள். இன்று அந்தக் கைப்பிடி அரிசியால் அங்குள்ள சபைக்கு வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. நம்புங்கள், கோடி. யாரிடமிருந்து யார் படித்தார்கள் என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுவோம். சோறு பொங்குகிற ஊரில் எல்லாம் யாரோ ஒரு பெண்ணுக்கு இது தோன்றியிருக்கிறது.

அடுத்தது அசனம். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் கத்தரிக்காயும் வாழைக்காயும் மலையாகக் குவிந்திருக்கும். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பனையேறுகிறவர், 'என்ன சார், இப்படி உரிச்சா விடிஞ்சிரும்லா' என்று அதட்டுவார். இவரும் வாயைத் திறக்காமல் வேகமாக உரிப்பார். அதிகாலை மூன்று மணிக்கு அண்டாவை இறக்க எட்டுப் பேர் ஓடி வருவார்கள்.

காணிக்கைப் பொருட்கள் ஏலம் போவதையும் பார்க்க வேண்டும். முதல் காய்ப்புத் தேங்காய், முதல் ஈத்துக் கோழி, ஒரு கட்டு முருங்கைக்காய். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற தேங்காயை இரண்டு மச்சினன்மார் போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார். மறுபடி ஏலம்!

இதற்கெல்லாம் நடுவில் கோயில்குட்டி என்று ஒருவர் உண்டு. மணியடிப்பது, கூட்டுவது, விளக்குப் போடுவது, கல்லறைத் தோட்டத்து முள்ளை வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஞாயிறு முதல் மணி, இரண்டாம் மணி தவறாது. ஊரில் சாவு என்றால் துக்க மணி. வயல்காட்டில் நிற்பவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, 'யாரு?' என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. ஐயர்மார் மாற்றலாகிப் போவார்கள், வருவார்கள். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம், யாரும் குழம்ப வேண்டாம். கோயில்குட்டிக்கு மாற்றல் கிடையாது. எந்த ஓடு ஒழுகும், எந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லை, ஆராதனைக்கு வராத கிழவிக்கு என்ன உடம்பு, எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவர்கள் ஆரம்பத்திலேயே இருந்தார்கள். பாளையங்கோட்டையில் 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் பெயர் இருக்கிறது. நெல்லைச் சபைக்கு ஆரம்பம் அதுதான். முதலில் இருப்பவர் குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பிராமண விதவை. அவர் முன்நின்று கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டை ஆயிற்று. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லுகிறார்கள். அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. மீதி 39 பேரில் பெரும்பாலோரைப் பற்றி எதுவும் இல்லை. அந்த 39 பேர் வாரம் தவறாமல் வந்து உட்காராமல் இருந்தால் அம்மாள் கட்டியது வெறும் மண்டபம்.

இந்தப் பிடியரிசிக்காரர்களின் பிள்ளைகள்தான் 1903இல் பாளையங்கோட்டையில் கூடி, வெள்ளைக்காரன் பணம் ஒரு காசு வேண்டாம், நம் பணத்தில் நம் ஆட்களை அனுப்புவோம் என்று இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்நின்றவர் வெள்ளாளன்விளை அசரியா. இரண்டு வருஷம் கழித்து, 1905 கிறிஸ்துமஸ் அன்று, இதோ இருக்கிற ஸ்ரீராம்பூரில் கேரி பாதிரியார் கட்டிய கல்லூரி நூலகத்தில் தேசிய மிஷனரிச் சங்கம் பிறந்தது, அதிலும் அசரியா. 1912 டிசம்பர் 29 அன்று நம் செயின்ட் பால்ஸ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவரை அபிஷேகம் செய்தார்கள். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்ப் பார்க்கலாம். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெருமை பேசினால் போதாது, குறையையும் சொல்லிவிடுகிறேன். அரிசி எடுத்து வைத்தவள் பெண். அந்த அரிசி விற்ற காசை எப்படிச் செலவு செய்வது என்று தீர்மானிக்கும் கமிட்டியில் வெகுகாலம் உட்கார்ந்தது ஆண். பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்துவிட்டால் சட்டமன்றத் தேர்தல் தோற்றது. சுவரொட்டி என்ன, வழக்கு என்ன! ஜாதியும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததே தவிர, வெளியே நின்றுவிடவில்லை. சபையைத் தாங்குகிறவர்கள் வேறு, சபையில் தலைமை தாங்குகிறவர்கள் வேறு என்று ஆனதுதான் இதற்கெல்லாம் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கல்கத்தாத் தமிழர்களுக்கு வருகிறேன். ஒருகாலத்தில் ரயில்வே, ஏ.ஜி. ஆபீஸ், கம்பெனி என்று உத்தியோகத்துக்கு வந்து நிறைந்திருந்தோம். இப்போது பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஊர்த் தமிழ்ச் சபைகளிலும் சரி, பஜனை மடங்களிலும் சரி, நம் சங்கத்திலும் சரி, சாவி வைத்திருப்பவருக்கு எழுபது வயதுக்கு மேல். மைக் டெஸ்ட் பண்ணுவதும் அவர், நாற்காலி வாடகைக்குப் பேரம் பேசுவதும் அவர், சந்தா பாக்கிக்காக மாடிப்படி ஏறுவதும் அவர். முழங்கால் வலியோடு ஏறுகிறார். நாம் கதவைத் திறந்து, 'அடுத்த மாசம் பார்க்கலாம் மாமா' என்கிறோம்.

எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நேரே காபிக்குப் போகாதீர்கள். இந்த மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள் சர்ச்சில், கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில் இதையே விசாரியுங்கள். அவரிடம் போய், 'ஒரு வேலையை எனக்குக் கொடுங்கள், சந்தாப் புத்தகத்தையாவது கொடுங்கள்' என்று கேளுங்கள். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.